அர்ச்சுனன் கல்லின் அடர்த்தி

இண்டூர் அர்ச்சுனனுக்கு அந்த வலி வந்தபோது அவன் தக்காளிக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தான். முதலில் இடுப்பில் ஏதோ பூச்சி கடித்தது என்று தட்டிவிட்டுக்கொண்டான். பிறகு வரப்பில் உட்கார்ந்தான். பிறகு படுத்தான். பிறகு முதுகில் மாட்டிய மருந்து டேங்கோடு சேர்ந்து, காய்த்துக் கிடந்த செடிகளின் மேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருள ஆரம்பித்தான். பக்கத்து வயலில் இருந்தவர்கள் கரண்ட் அடித்துவிட்டது என்று முடிவு செய்து, அவனைத் தொடாமல் சுற்றி நின்று, காய்ந்த கட்டை எங்கே என்று தேடினார்கள்.

அவன் மனைவி அமுதவல்லி வந்துதான் அவனைத் தொட்டாள். அவளுடைய தம்பி குரு தன் டெம்போவைக் கொண்டுவந்தான். தக்காளிப் பெட்டிகளை இறக்கிவிட்டு அர்ச்சுனனை ஏற்றினார்கள்.

தருமபுரியில் ஓர் ஆஸ்பத்திரியில் நிர்மலா என்ற இளம் டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தாள். படத்தில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளியைக் காட்டினாள்.

"இடது சிறுநீரகத்துல இருந்து இறங்கற குழாயில கல்லு மாட்டிக்கிட்டிருக்கு. பெருசெல்லாம் இல்லம்மா, ஒரு துவரம்பருப்பு இருக்கும். ஆனா வழியை நல்லா அடைச்சிக்கிட்டிருக்கு. கீழ இருந்து குழாய் விட்டு எடுத்துடலாம்."

"அப்ப எடுத்துருங்க மேடம்."

நிர்மலாவின் முகம் மாறியது. திருட்டுப் போன வீட்டில் அரிசி கடன் கேட்டது போல அமுதவல்லிக்குத் தோன்றியது.

விஷயம் இதுதான். சில காலத்துக்கு முன் வேறெங்கோ ஒரு டாக்டர், கல்லே இல்லாதவர்களுக்கெல்லாம் கல் எடுத்ததாகக் கணக்குக் காட்டிவிட்டார். அந்த டாக்டரைப் பிடிப்பதைவிட ஒரு கட்டடம் கட்டுவது எளிது என்று மேலே இருந்தவர்களுக்குப் பட்டது. அதிலிருந்து, அதியமான்கோட்டைப் பக்கம் நெடுஞ்சாலை ஓரமாகச் சிறு திண்மப் பொருள் அளவீட்டு மையம் என்று ஒன்று வந்தது. உடம்பில் இருக்கும் எந்தக் கல்லானாலும், அதன் கனஅளவையும் அடர்த்தியையும் அளந்து, 'இது கல்தான்' என்று மையம் சான்று கொடுத்த பிறகே டாக்டர்கள் அதைத் தொடலாம்.

"ஸ்கேன்லயே தெரியுதுங்களே மேடம்?"

"எனக்குத் தெரியுது. ஆனா படம் செல்லாதாம். நேரடி அளவீடு வேணுமாம்." நிர்மலா குரலைத் தாழ்த்தினாள். "சீக்கிரம் போயிட்டு வந்துடுங்கம்மா. காய்ச்சல் வந்துட்டா நிலைமை வேற மாதிரி ஆயிடும்."

கேட்க வேண்டிய இடத்தில் மரியாதையாகக் கேட்டால் எதுவும் கிடைக்கும் என்று நம்புகிறவள் அமுதவல்லி. அப்படிக் கேட்டுத்தான் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் வாங்கினாள். அப்படிக் கேட்டுத்தான் அர்ச்சுனனையே கட்டிக்கொண்டாள். எனவே ஊசி மருந்தின் மயக்கத்தில் இருந்தவனை மறுபடி டெம்போவில் ஏற்றிக்கொண்டு மையத்துக்குப் போனாள்.

மையம் கண்ணாடி வைத்த கட்டடம். வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். நடுக்கூடத்தில் கோடு போட்ட ஒரு பெரிய அளவு ஜாடிக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை போட்டு வைத்திருந்தார்கள். ஊழியர்கள் அதன் முன்னால் கையை நீட்டி நின்று காலை உறுதிமொழி எடுத்துக்கொண்டிருந்தார்கள். "கூடவும் சொல்லேன், குறையவும் சொல்லேன், அளக்காமல் எதையும் நம்பேன்." உறுதிமொழி முடியும்வரை நோயாளிகளும் எழுந்து நிற்க வேண்டும் என்று காவலர் பச்சியப்பன் சொன்னார். அர்ச்சுனன் எழுந்து, குருவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றான்.

பிறகு தொழில்நுட்ப அலுவலர் பிரியதர்ஷினியிடம் போனார்கள். அவள் நிமிர்ந்து பார்க்காமல் கையை நீட்டினாள்.

"பொருளைக் குடுங்க."

"இவருதாங்க மேடம். இவருக்குள்ளதான் இருக்குது."

"ஆள் வேணாம்மா. பொருளை மட்டும் குடுங்க."

"அதை வெளிய எடுக்கறதுக்குத்தாங்க உங்க சான்றிதழ் கேக்கறாங்க."

"சான்றிதழ் குடுக்கணும்னா அளக்கணும். அளக்கணும்னா பொருளைத் தண்ணிக்குள்ள போடணும். உள்ள இருக்கற பொருளை எப்படிம்மா தண்ணிக்குள்ள போடறது?"

குருவுக்குக் கோபம் வந்தது. "எடுத்தாத்தான் நீங்க அளப்பீங்க. அளந்தாத்தான் அவுங்க எடுப்பாங்க. நடுவுல நாங்க என்னாங்க பண்றது?"

"நடுவுல உக்காருங்க" என்று பிரியதர்ஷினி கூடத்தின் நடு வரிசை நாற்காலிகளைக் காட்டினாள். "ஓரத்து வரிசை ஊழியர்களுக்கு."

நடு வரிசையில் உட்கார்ந்திருந்த அர்ச்சுனன் ஊசியின் வீரியம் குறைந்ததும் ஒரு சத்தம் போட்டான். கன்று போடும் மாடு போடுகிற சத்தம். அந்தச் சத்தத்துக்கு மாடியிலிருந்து இயக்குநர் இறங்கி வந்தார்.

இயக்குநர் முனைவர் கலைவாணன் சாதாரண ஆள் இல்லை. உப்புக் கல்லைத் தண்ணீரில் போட்டு அதன் கனஅளவைக் கண்டுபிடிப்பது பற்றி ஆய்வு செய்து பட்டம் வாங்கியவர். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் கல் சின்னதாகிக்கொண்டே போனதாம். கடைசியில் ஒன்றுமே இல்லையாம். அந்த அனுபவம் தன்னைப் பெரிய தத்துவவாதி ஆக்கிவிட்டதாக அவரே சொல்லிக்கொள்வார்.

அவர் அர்ச்சுனனைச் சுற்றி ஒரு முறை நடந்தார். கண்கள் மின்னின.

"பிரியதர்ஷினி, பொருள் உள்ள இருந்தா என்ன? உறையோட சேர்த்து அளப்போம்."

"உறைன்னா சார்?"

"இவருதான் உறை."

அமுதவல்லிக்குப் புரியவில்லை. கலைவாணன் அவளுக்குப் பொறுமையாக விளக்கினார். "கல்லோட இருக்கற இவரைத் தண்ணியில முழுக வெச்சு, எவ்வளவு தண்ணி வழியுதுன்னு பாப்போம். அப்புறம் கல் இல்லாத இவரை முழுக வெச்சு, எவ்வளவு வழியுதுன்னு பாப்போம். அதிலிருந்து இதைக் கழிச்சா கல்லோட கனஅளவு. எடையையும் அப்படியே கழிச்சு வகுத்தா அடர்த்தி. ரொம்ப எளிமை."

"கல் இல்லாத இவருன்னா எப்படிங்க சார்?"

"அது இரண்டாம் கட்டம். அதைப் பத்தி இப்ப நாம கவலைப்பட வேணாம்."

பின்பக்கத்து முற்றத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. விளிம்புவரை தண்ணீர். விளிம்பில் கூஜா மூக்கு போல ஒரு மூக்கு. உள்ளே எது இறங்கினாலும் அதற்குச் சமமான தண்ணீர் அந்த மூக்கு வழியாக வாளியில் விழும். வேட்டிக்குள் காற்று நிற்கும் என்று அர்ச்சுனனின் வேட்டியை அவிழ்த்தார்கள். அரைஞாண் கயிற்றை அறுத்தார்கள். அவன் ஏணியில் ஏறும்போது அமுதவல்லி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தண்ணீரில் முங்கியதும் வலி அவனைச் சுருட்டியது. தண்ணீருக்குள்ளேயே கத்தினான். குமிழி குமிழியாக வந்தது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க!" கலைவாணன் கையை ஆட்டினார். அர்ச்சுனனைத் தூக்கினார்கள். "கத்தக் கூடாதுங்க. கத்தினா நெஞ்சுல இருக்கற காத்து வெளிய போவுது. நீங்க சின்னதாயிடறீங்க. நீங்க சின்னதானா கணக்குல கல்லும் மாறுது. இதை வேற யாராவது பாத்தா மோசடின்னு சொல்லுவாங்க. அம்மா, நீங்க கையை விடுங்க. உங்க விரலோட கனஅளவும் சேருது."

அவள் விட்டாள். இரண்டாவது முறையும் கத்தினான். மூன்றாவது முறை பிரியதர்ஷினி நல்ல யோசனை ஒன்று சொன்னாள். வாயில் துணி வைத்தார்கள். துணியின் கனஅளவைப் பிறகு கழித்துக்கொள்ளலாம் என்று கலைவாணன் அனுமதி கொடுத்தார். அந்த முறை குமிழி வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அர்ச்சுனனின் கண்கள் மட்டும் பெரிதாகத் தெரிந்தன. அந்தக் கண்கள் தன்னைத்தான் பார்க்கின்றன என்பது அமுதவல்லிக்குத் தெரியும். அவள் வாளியைப் பார்த்தபடி நின்றாள்.

"அம்மா உள்ளுக்குள்ள எங்களைத் திட்டறாங்க" என்றார் கலைவாணன், அன்பாக. "திட்டட்டும். ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கணும். நாங்க மனுஷனைப் பாக்கறதில்ல, பொருளைப் பாக்கறோம். மனுஷனைப் பாத்தா இரக்கம் வரும். இரக்கம் வந்தா கை நடுங்கும். கை நடுங்கினா தண்ணி சிந்தும். தண்ணி சிந்திட்டா அப்புறம் இந்த மையம் எதுக்கு?"

ஊழியர்கள் கைதட்டினார்கள். சான்றிதழ் கிடைக்கட்டும் என்று அமுதவல்லியும் தட்டினாள்.

இரண்டாம் கட்டத்துக்குக் கல் இல்லாத அர்ச்சுனன் வேண்டும். அவன் கிடைக்கவில்லை. கலைவாணன் நெற்றியைத் தடவி யோசித்து, "ஒரே வீட்டுல இருக்கறவங்க, ஒரே சோறு, ஒரே தண்ணி. இவருக்குப் பதிலா இவங்களை வெச்சுக்கலாம்" என்று அமுதவல்லியைக் காட்டினார்.

அமுதவல்லி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். குரு தலையில் அடித்துக்கொண்டான். "அக்கா, இதெல்லாம் என்னாக்கா கூத்து?" என்றான். "சும்மா இருடா. கடுதாசி வாங்கற வரைக்கும் சும்மா இரு" என்று சொல்லிவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினாள்.

முடிவு மறுநாள்தான் கிடைத்தது. அதற்குள் அர்ச்சுனனுக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. சிறுநீர் ஒழுங்காகப் போகவில்லை. அவனை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டு அவள் மட்டும் வந்தாள். கலைவாணன் தன் அறையில் உட்கார வைத்து, காபி கொடுத்து, சொன்னார்.

"வருத்தமா இருக்கும்மா. அது கல் இல்ல."

"என்னாங்க சார் சொல்றீங்க?"

"அவரோட கனஅளவுல உங்க கனஅளவைக் கழிச்சோம். கல்லு பதினாறு லிட்டர் வருது."

"பதினாறு லிட்டருங்களா? ஒரு துவரம்பருப்புன்னு டாக்டரம்மா சொன்னாங்களே சார். அவரு வயிறே அவ்வளவு இருக்காதுங்களே."

"அதான் நாங்களும் சந்தேகப்பட்டோம். சரி, எடையையும் கழிச்சு அடர்த்தியைப் பாத்தோம். தண்ணியோட அடர்த்திக்கு ரொம்பப் பக்கத்துல வருது. கல்லுன்னா தண்ணியை விட நல்லா கனமா இருக்கணும். இது கிட்டத்தட்ட சதை மாதிரி இருக்கு." அவர் முன்னால் குனிந்தார். "சதையை எடுக்கறதுக்கு நாங்க எப்படிம்மா சான்று குடுக்கறது? அது தப்பில்லையா?"

"சார், நான் வேற ஆளுங்க. அவரு வேற ஆளுங்க. எங்க ரெண்டு பேரையும் கழிச்சா எப்படிங்க கல்லு வரும்?"

கலைவாணன் முகம் வாடியது. "குடும்பத்துக்குள்ள இவ்வளவு பிரிச்சுப் பேசாதீங்கம்மா. மேல்முறையீட்டுக் குழு கூடும்போது சொல்லி அனுப்பறோம்."

குழு எப்போது கூடும் என்று கேட்டாள். குழுத் தலைவர் யார் என்று முடிவானதும் கூடும் என்றார்கள்.

அவள் ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது அர்ச்சுனன் போர்வைக்குள் கிடுகிடுவென நடுங்கிக்கொண்டிருந்தான். நிர்மலா மேலே யார் யாருக்கோ போன் பண்ணினாள். ஒருவர் இன்னொருவரைக் கேட்கச் சொன்னார். அந்த இன்னொருவர் கூட்டத்தில் இருந்தார். நிர்மலா போனை மேசையில் வைத்துவிட்டு அமுதவல்லியின் முன்னால் வந்து நின்றாள்.

"உள்ள சீழ் பிடிச்சிருச்சு. இனிமே யாரையும் கேட்டுக்கிட்டு இருக்க முடியாது. நான் எடுத்துடறேன்."

"உங்களுக்கு ஒண்ணும் ஆவாதுங்களே மேடம்?"

"ஆனா ஆகட்டும்மா."

கல்லை எடுத்தாள். சொன்னது போலவே துவரம்பருப்புதான். கறுத்து, ஒரு பக்கம் முள் முள்ளாக இருந்தது. சின்ன பிளாஸ்டிக் டப்பியில் போட்டுக் கொடுத்தாள். அர்ச்சுனனுக்கு நினைவு வந்தபோது அமுதவல்லி டப்பியை அவன் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள்.

"இத்தனூண்டா?" என்றான். சிரிக்கப் பார்த்தான். "இதுக்கா அமுதா நாம ரெண்டு பேரும் முங்குனோம்?"

"பேசாம படுங்க."

"தக்காளிக்கு மீதி மருந்து அப்படியே இருக்குது. குருவை அடிக்கச் சொல்லு."

அதுதான் அவன் கடைசியாகச் சொன்னது. சீழ் ரத்தத்தில் ஏறி அதன் போக்கில் எங்கெங்கோ போய்விட்டிருந்தது. பாட்டில் பாட்டிலாக மருந்து ஏற்றினார்கள். கை கால் முகம் எல்லாம் வீங்கின. மறுநாள் மத்தியானம் செத்துப்போனான். நிர்மலா சுவரோரம் போய் நின்றுகொண்டு மூக்கைச் சிந்தினாள்.

இண்டூரில் வீட்டு வாசலில் அவனைக் கிடத்தியிருந்தார்கள். மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள். அப்போது தெருமுனையில் ஒரு லாரி திரும்பியது. அதன் மேல் கண்ணாடித் தொட்டி. பின்னாலேயே காரில் கலைவாணன் மலர் வளையத்தோடு இறங்கினார். முறைப்படி சாத்தினார். கண்ணை மூடி நின்றார். பிறகு அமுதவல்லியின் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"ஈடு செய்ய முடியாத இழப்பும்மா. எங்களுக்கும்தான். இப்படி ஒரு பொருள் எங்களுக்கு இதுவரைக்கும் வந்ததில்ல." கொஞ்சம் விட்டு, "இப்ப அவர் கல் இல்லாம இருக்கார்" என்றார்.

அவளுக்கு முதலில் உறைக்கவில்லை. குருவுக்கு உறைத்துவிட்டது. அவன் கலைவாணன் சட்டையைப் பிடித்தான். பங்காளிகள் பந்தல் காலைப் பிடுங்கினார்கள். கலைவாணன் பயப்படவில்லை. சட்டை கசங்கிய நிலையிலேயே பேசினார்.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க. நான் திரும்பிப் போயிடறேன். ஆனா அந்த டாக்டரம்மா அனுமதி இல்லாம எடுத்திருக்காங்க. உள்ள கல்லு இருந்துச்சுன்னு நிரூபிச்சா, அவசரத்துல செஞ்சதுன்னு விட்டுடுவாங்க. நிரூபிக்க முடியலைன்னா வேலை போவும். வழக்கும் வரும். இரண்டாம் கட்டம் மட்டும்தான் பாக்கி. கொஞ்ச நேர வேலை."

மேளம் நின்றது. எல்லாரும் அமுதவல்லியைப் பார்த்தார்கள். அவள் அர்ச்சுனனின் வீங்கிய முகத்தைப் பார்த்தாள். உயிரோடு இருந்த கடைசி நாட்களில் அவனுக்காக ஒரே ஒருத்திதான் யாரையும் கேட்காமல் ஒரு காரியம் செய்தாள். அவளும் தெருவில் நிற்கப் போகிறாள்.

"எப்படியும் குளிப்பாட்டணும்" என்றாள் அமுதவல்லி. "அதுலயே குளிப்பாட்டிருங்க."

பெண்கள் கூவி அழுதார்கள். ஆண்கள் நான்கு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தூக்கிக் கொடுத்தார்கள். ஊரே பார்க்க அர்ச்சுனன் கண்ணாடித் தொட்டிக்குள் இறங்கினான். வாளியில் தண்ணீர் சீராக வழிந்தது. ஒரு குமிழி வரவில்லை. பிரியதர்ஷினி அளவைப் பார்த்துவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டாள்.

"இந்த வாட்டி நல்லா ஒத்துழைச்சார் சார்."

வாளியில் இருந்த தண்ணீரை அமுதவல்லி கேட்டாள். அது சோதனைக்கு எடுத்த தண்ணீர், மையத்தின் சொத்து என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

காரியம் முடிந்த கையோடு விசாரணைக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. அமுதவல்லி டப்பியை முந்தானையில் முடிந்துகொண்டு குருவோடு போனாள். மையத்தின் நடுக்கூடத்தில் அன்று நல்ல கூட்டம். பென்னாகரம் பக்கத்து ஆட்கள், ஒகேனக்கல்லில் மீன் வறுத்து விற்கும் பெண் ஒருத்தி, கழுத்தில் சிலுவை போட்ட ஒரு கிழவர் என்று எல்லோர் கையிலும் ஒரு டப்பி இருந்தது. சிலருக்குக் கல் தானாகவே இறங்கியிருந்தது, சிலர் எங்கோ மறைவாக எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். மருந்து மாத்திரை தொடர்ந்து கிடைக்க வேண்டுமானால் அவர்களுக்கும் இந்தச் சான்று வேண்டியிருந்தது. யாரும் யாரோடும் பேசவில்லை. பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக உள்ளே போய், வெறுங்கையோடு வெளியே வந்தார்கள்.

உள்ளே நீண்ட மேசைக்கு அந்தப் பக்கம் கலைவாணன். ஓரத்தில் ஒரு ஸ்டூலில் நிர்மலா. அவளுக்கு நாற்காலி தரவில்லை. அமுதவல்லியைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

கலைவாணன் ஒரு தாளைப் புரட்டினார். "இரண்டாம் கட்ட அளவீடு வந்துடுச்சு. கல்லை எடுத்ததுக்கு அப்புறம் உறை சின்னதாகியிருக்கணும். ஆனா பெருசாகியிருக்கு. கழிச்சுப் பாத்தா கல்லோட கனஅளவு குறை எண்ணுல வருது."

"அப்படின்னா என்னாங்க சார்?"

"அப்படின்னா டாக்டர் எதையும் வெளிய எடுக்கலை. உள்ளதான் ஏதோ வெச்சிருக்காங்க."

நிர்மலா சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆனது. "சார், அவருக்குப் பாட்டில் பாட்டிலா மருந்து ஏத்தினோம். உடம்பு பூரா வீங்கிக் கிடந்தது. அதைத்தான் அளந்திருக்கீங்க."

"நாங்க வீக்கத்தை அளக்கறதில்லை டாக்டர். கனஅளவைத்தான் அளக்கறோம்."

அமுதவல்லி முடிச்சை அவிழ்த்தாள். டப்பியைத் திறந்து மேசைமேல் வைத்தாள். "சார், கணக்கு எனக்குத் தெரியாதுங்க. இதோ கல்லு. அவருக்குள்ள இருந்து வந்தது. கண்ணால பாருங்க. இந்தம்மாவை வுட்டுருங்க."

கலைவாணன் குனிந்து பார்த்தார். பிரியதர்ஷினியும் பார்த்தாள். அங்கே கல் இருந்தது. எல்லோருக்கும் தெரிந்தது.

"கண்ணால பாத்தா போதும்னா ஒரு நாடு எதுக்கு அளவு ஜாடி வாங்கணும்?" என்றார் கலைவாணன். "என் அப்பா செத்தப்போ என்னால நம்ப முடியலை. டாக்டர் எழுதிக் குடுத்த பிறகுதான் அழுதேன். அப்படி வளந்தவன் நான். எனக்கு இந்தக் கல்லு மேல எந்தக் கோபமும் இல்லை. இருக்குன்னு வந்தா இருக்குன்னு எழுதுவேன். பிரியதர்ஷினி, அளங்க."

பிரியதர்ஷினி பெரிய அளவு ஜாடியைக் கொண்டுவந்தாள். லிட்டர் கணக்கில் அளக்கிற ஜாடி அது. சின்ன ஜாடி இருக்கிறதா என்று நிர்மலா கேட்டாள். சின்ன ஜாடிகள் கேட்டு எழுதிப் போட்டிருப்பதாகச் சொன்னார்கள். பிரியதர்ஷினி தண்ணீர் மட்டத்தைக் குறித்துக்கொண்டு, இடுக்கியால் கல்லை எடுத்து உள்ளே விட்டாள். அது மெதுவாக இறங்கி அடியில் போய் உட்கார்ந்தது. மூன்று பேர் மாறி மாறிக் குனிந்து மட்டத்தைப் பார்த்தார்கள்.

"அசையலை சார்."

"நல்லாப் பாருங்க."

"அசையவே இல்லை சார். ஒரு கோடு கூட ஏறலை."

கலைவாணன் பேனாவை மூடினார். "கனஅளவு பூஜ்யம். கனஅளவு இல்லாத பொருள்னு உலகத்துல ஒண்ணு இருக்க முடியாது. ஆக பொருள் இல்லை. டாக்டர், நீங்க வெளிய காத்திருக்கலாம். உங்க விஷயம் இனிமே எங்க கையில இல்லை."

நிர்மலா கிளம்பும்போது அமுதவல்லியின் தோளைத் தொட்டாள். "நீங்க என்னம்மா பண்ணுவீங்க" என்று மட்டும் சொன்னாள். கதவு வரைக்கும் நேராக நடந்தாள். கதவைத் தாண்டியதும் சுவரைப் பிடித்துக்கொண்டாள். குரு ஓடிப்போய் அவளை உட்கார வைத்தான்.

"என் கல்லைக் குடுங்க சார்" என்றாள் அமுதவல்லி.

"எந்தக் கல்லும்மா?"

அவள் ஜாடியின் அடியைக் காட்டினாள். கலைவாணன் அவள் விரல் போன வழியில் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு சோர்ந்த குரலில், "இல்லைன்னு எழுதினதை இந்தாங்கன்னு எப்படிம்மா எடுத்துக் குடுப்பேன்? நாளைக்கு என்னைக் கேப்பாங்க" என்றார். "பிரியதர்ஷினி, அடுத்த ஆளுக்கு ஜாடியைத் தயார் பண்ணுங்க."

பிரியதர்ஷினி ஜாடியைத் தூக்கி, மூலையில் இருந்த கை கழுவும் தொட்டியில் கவிழ்த்தாள். தண்ணீரோடு கல் விழுந்தது. குழாய்க்குள் இரண்டு இடத்தில் தட்டிக்கொண்டே இறங்கியது. அந்தச் சத்தம் அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

"என்ன சத்தம்?" என்றார் கலைவாணன்.

"ஒண்ணுமில்லை சார்."

அமுதவல்லி திரும்பி, கூடத்தில் டப்பிகளோடு காத்திருந்தவர்களைத் தாண்டி, செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே போனாள். குழாய் எந்தச் சுவரில் இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டே கட்டடத்தைச் சுற்றினாள். பின்பக்கம் முழுக்க முள்செடி. சுவரில் கெண்டைக்கால் உயரத்தில் குழாயின் வாய் நீட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே ஈரத்தில் ஒரு சின்ன மேடு.

கிட்டப் போய்க் குனிந்தாள். மேடு முழுக்கக் கல். கறுப்பு, பழுப்பு, மஞ்சள், சாம்பல். முள் வைத்தது, வழுவழுப்பானது, உடைந்தது. கல் உப்பு அளவு, மிளகு அளவு, வேர்க்கடலை அளவு. துவரம்பருப்பு அளவு மட்டும் இரண்டு கையாலும் அள்ளலாம்.

காவலர் பச்சியப்பன் பின்னாலேயே வந்தார். "என்னம்மா இங்க? இங்கெல்லாம் வரக் கூடாதுங்க."

"எங்கூட்டுக்காரரு கல்லுங்க. இங்க வுழுந்திருச்சு."

பச்சியப்பன் எட்டிப் பார்த்தார். "அட. நான் சேறாவாம இருக்கறதுக்குக் கொட்டி வெச்சிருக்காங்கன்னு நெனச்சேன்" என்றார். அவரும் குனிந்தார். "எதுன்னு தெரியுதுங்களா?"

அமுதவல்லி மண்டி போட்டு உட்கார்ந்தாள். ஒன்றை எடுத்து விரலில் வைத்துப் பார்த்தாள். இல்லை. இன்னொன்றை எடுத்தாள். அதுவாக இருக்கலாம். அதற்குப் பக்கத்தில் இருந்ததும் அதுவாக இருக்கலாம். சந்தேகமானதையெல்லாம் முந்தானையில் போட்டுக்கொண்டே வந்தாள்.

உள்ளே அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். சற்று நேரத்தில் குழாய் இரண்டு முறை தட்டியது. தண்ணீர் வந்து அவள் கையை நனைத்தது. கூடவே உள்ளங்கையில் ஒரு கல் விழுந்தது. அது இன்னும் சூடு ஆறாதது போல இருந்தது.